கரண்ட் இல்லாத தகரச் சாளைக்கு 12 வோல்ட் ஃபேன்: நாமே செய்துகொள்ளலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாராபுரம் பக்கம் தோட்டத்தில் 10 அடிக்கு 12 அடியில் தகரக் கூரை போட்ட ஒரு சாளை, அதாவது தோட்டத்துக் குடில். கரண்ட் கிடையாது. 100 வாட் சோலார் பேனல் ஒன்றும், காரிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 35 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்றும் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டர்களில் இருந்து எடுத்த ஃபேன் அரை டஜன் கிடைத்திருக்கிறது. சித்திரை, வைகாசியில் சாளைக்குள் மனுஷன் இருக்கிற மாதிரி இவற்றை வைத்து ஏதாவது செய்ய முடியுமா, இல்லை ஒரு சின்ன இன்வெர்ட்டர் வாங்கி வீட்டு டேபிள் ஃபேனையே ஓட்டிவிடலாமா?

செய்ய முடியும். இன்வெர்ட்டர் வேண்டாம். ஆனால் ஃபேனிடம் நீங்கள் இரண்டு வேலையை ஒன்றாகக் கேட்கிறீர்கள். சாளைக்குள் தேங்கும் சூட்டை வெளியே தள்ளுவது ஒரு வேலை. படுத்திருப்பவர் உடம்பில் காற்றுப் படவைப்பது இன்னொரு வேலை. முதலாவது பகலில், இரண்டாவது பெரும்பாலும் இரவில். முதலாவதற்கு பேட்டரியே தேவையில்லை, இரண்டாவதற்கு பேட்டரிதான் எல்லாம். இரண்டுக்கும் ஒரே ஃபேனை வைத்துச் சமாளிக்கப் பார்த்துத்தான் நான் முதல் கோடையை வீணாக்கினேன்.

இன்வெர்ட்டர் கதையை முதலில் முடித்துவிடுவோம். சாதாரண டேபிள் ஃபேன் 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி உட்கார்ந்திருப்பதற்கே 8 முதல் 15 வாட் வரை தின்றுவிடும். நாம் செய்யப்போகிற ஃபேன்களே மொத்தம் அவ்வளவுதான் இழுக்கும் என்பதைப் பாருங்கள். டேபிள் ஃபேனையும் இன்வெர்ட்டரையும் சேர்த்து இரவில் 9 மணி நேரம் ஓட்டினால் 550 வாட் அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது) தாண்டும். உங்கள் பேட்டரி புதிதாக இருந்தபோதே அதன் மொத்தக் கொள்ளளவு 12ஐ 35ஆல் பெருக்கினால் வரும் 420தான். அதுவும் கார் பேட்டரி. வண்டியை ஸ்டார்ட் செய்ய ஒரு நொடி நிறையக் கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தது, அடிவரை வடிப்பதற்கு அல்ல. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தினமும் இறக்கினால் சீக்கிரம் படுத்துவிடும். ஆக உங்கள் கையில் ஒரு ராத்திரிக்கு இருப்பது 140 வாட் அவர். அதற்குள்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

அடுத்து கூரை. ஃபேனைப் பற்றிக் கேட்டால் கூரையைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். 120 சதுர அடி என்றால் சுமார் 11 சதுர மீட்டர். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் இறங்குகிறது. அதாவது உங்கள் தகரத்தின் மேல் 11 கிலோவாட் வெயில். அதில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே வந்தாலும் 2 கிலோவாட்டுக்கு மேல். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை உள்ளே ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது போல.

இப்போது ஃபேன் பக்கம் வாருங்கள். 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று நிமிடத்துக்கு 50 முதல் 70 கன அடி காற்றைத் தள்ளும் என்று எழுதியிருப்பார்கள். எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது வரும் கணக்கு அது. கொசுவலை, குருவி வராமல் இருக்கக் கம்பிவலை, உள்ளே வரும் வழியின் நெருக்கம் எல்லாம் சேர்ந்தால் பாதிதான் தேறும். நான்கு ஃபேன் வைத்தால் நிஜத்தில் நிமிடத்துக்கு 120 கன அடி என்று வையுங்கள். சாளையின் உள் அளவு சராசரி 9 அடி உயரத்துக்கு 1080 கன அடி. ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் காற்று முழுசாக மாறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காற்று வெளியே எடுத்துப்போகும் சூடு, உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 65 வாட்தான். உள்ளே 10 டிகிரி கூடுதலாக இருந்தால் 650 வாட் வெளியேறும். வருவது 2000, போவது 650. ஃபேன் தோற்றுவிடும்.

அதனால் தகரத்தின் மேல் முதலில் தென்னங்கீற்றோ பனையோலையோ வேயுங்கள். தகரத்தோடு ஒட்டாமல் மூங்கிலையோ சவுக்கையோ குறுக்கே போட்டு, நாலு விரல் இடைவெளி விட்டு வேய்ந்தால் அந்தச் சந்தில் காற்று ஓடும். அதற்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் சுண்ணாம்பாவது இரண்டு கை அடியுங்கள். மழை வந்தால் கரைந்து போகும்தான், ஆனால் கோடைக்குத்தானே கேட்கிறோம். நான் கீற்று வேய்ந்த வருஷம் ஃபேன் எதையும் மாற்றவில்லை, ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே உட்கார்ந்து சோறு தின்ன முடிந்தது. அதற்கு முந்தின வருஷம் வேப்பமரத்தடிதான் சாப்பாட்டு இடம்.

சரி, இப்போது ஃபேன்.

சூட்டை வெளியே தள்ளும் ஃபேன் முகட்டுக்குப் பக்கத்தில், எவ்வளவு உயரத்தில் முடியுமோ அங்கே இருக்க வேண்டும். சூடான காற்று அங்கேதான் போய்த் தேங்குகிறது. உள்ளே வரும் காற்றுக்கான வழி எதிர்ச் சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள், நிழல் விழும் பக்கம். அந்த வழியின் பரப்பு ஃபேன் துளைகளின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். இதைச் செய்யாமல் விட்டவர்கள் நிறையப் பேர். கதவைச் சாத்திவிட்டு மேலே ஃபேனை ஓட்டினால் அது சும்மா சத்தம் போடுமே தவிர காற்று நகராது. ஒரு சிமென்ட் ஜாலி பதித்து, பின்னால் கொசுவலை அடித்தால் போதும். அந்தப் பக்கம் வெளியே வாழையோ ஏதாவது செடியோ இருந்து, தரையில் தண்ணீர் தெளித்து வைத்தால் வரும் காற்றே கொஞ்சம் குளிர்ந்து வரும்.

எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். தாராபுரம், உடுமலை, பல்லடம் பகுதிக்கு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டு வரும். அந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். ஃபேனை மேற்குச் சுவரில் வைத்தால் அந்த மாதங்களில் காற்று ஃபேனை எதிர்த்துத் தள்ளும். கிழக்குச் சுவர் முகட்டில் ஃபேன், மேற்குச் சுவர் அடியில் ஜாலி. இப்படி வைத்தால் ஆடியில் ஃபேனே வேண்டாம், காற்று தானாக ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும்.

முகட்டு ஃபேன்களை மாட்டும் போர்டு செய்வது அரைநாள் வேலை. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 115 மில்லிமீட்டர் விட்டத்தில் நான்கு வட்டத் துளை. 120 மில்லிமீட்டர் ஃபேனின் ஸ்க்ரூ துளைகள் ஒன்றுக்கொன்று 105 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும், அதை அளந்து குறித்துக்கொண்டு துளையுங்கள். காற்று எந்தப் பக்கம் போகும் என்று சந்தேகம் வந்தால், மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். அந்தப் பக்கம் தோட்டத்தைப் பார்க்கட்டும். மேலே மழைச்சாரலுக்குத் தகரத்தில் ஒரு தாழ்வாரம் மாதிரி மடித்து அடித்துவிடுங்கள். உங்களிடம் இருக்கும் ஆறில் 80 மில்லிமீட்டர் சின்ன ஃபேன்கள் இருந்தால் அவற்றை ஒதுக்கிவிடலாம், சத்தம்தான் அதிகம். சர்வரில் இருந்து எடுத்த தடித்த ஃபேன் ஏதாவது கலந்திருந்தால் அதையும். அது ஒன்றே 2, 3 ஆம்பியர் இழுக்கும், ஜெட் மாதிரி ஊளையிடும், விரலை விட்டால் வெட்டும்.

இந்தப் போர்டை பேட்டரியோடு சேர்க்காதீர்கள். தனியாக ஒரு 20 வாட் பேனல் வாங்கி அதோடு நேராகக் கொடுத்துவிடுங்கள். வெயில் ஏற ஏற ஃபேன் வேகமெடுக்கும், மேகம் மறைத்தால் மெதுவாகும், பொழுது சாய்ந்தால் தானே நின்றுவிடும். சுவிட்சும் வேண்டாம், ஆளும் வேண்டாம். நீங்கள் ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

நேராக என்றால் அப்படியே நேராக அல்ல. நான் இதில்தான் கையைச் சுட்டுக்கொண்டேன். 12 வோல்ட் பேனல் என்று எழுதியிருந்தாலும் வெயிலில் அது 18 வோல்ட் தரும், எதுவும் மாட்டாமல் மீட்டர் வைத்தால் 21, 22 காட்டும். 12 வோல்ட் ஃபேனை அதில் மாட்டிவிட்டு 'ஆகா, என்ன வேகம்!' என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இரண்டு ஃபேன்களின் உள்ளே இருந்த சிப் கருகியது. நடுவில் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு பக் கன்வெர்ட்டர் வேண்டும். எல்எம்2596 என்ற சிப் போட்ட சின்ன போர்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருக்களில் சாதாரணமாகக் கிடைக்கும். 3 ஆம்பியர் என்று சொல்வார்கள், வெயில் காலத்தில் 2 ஆம்பியருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்கு நான்கு ஃபேனும் சேர்ந்து ஒரு ஆம்பியரைத் தாண்டாது. அதில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி, மீட்டர் வைத்துப் பார்த்து 10 வோல்ட்டில் நிறுத்துங்கள். காலையில் ஏழு, எட்டு மணிக்குக் கொஞ்ச நேரம் திக்கித் திக்கிச் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். வெயில் பற்றாமல் அப்படிச் செய்கிறது, கோளாறு இல்லை.

ஏன் 12க்குப் பதிலாக 10? ஃபேன் உலகத்தில் ஒரு விதி இருக்கிறது. வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும், ஆனால் இழுக்கும் வாட் எட்டில் ஒன்றாகிவிடும். நடைமுறையில் மோட்டார் நஷ்டங்கள் எல்லாம் சேர்ந்து அவ்வளவு குறையாது, ஆனால் போக்கு அதுதான். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் நிறைய மின்சாரம் மிச்சமாகும், சத்தமும் அடங்கும், பேரிங்கும் நாள்பட உழைக்கும். இதே விதியைத் திருப்பிப் பார்த்தால், சின்ன இறக்கையை வெறித்தனமாகச் சுற்றுவதைவிடப் பெரிய இறக்கையை மெதுவாகச் சுற்றுவதுதான் கஞ்சத்தனமான வழி.

அங்கிருந்துதான் இரவு ஃபேனுக்கு வருகிறேன்.

தகரக் கூரையில் ஒரு நல்ல குணம் உண்டு. பொழுது இறங்கியதும் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட் தளம்தான் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் இரவில் அறையைக் குளிரவைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் உங்களுக்கு இல்லை. கதவைத் திறந்து வலை போட்டால் வெளிக்காற்றும் உள்காற்றும் ஒன்றாகிவிடும். தேவை எல்லாம் உடம்பின் மேல் ஒரு அசைவு. ஃபேன் எந்தக் காற்றையும் குளிரவைப்பதில்லை, வியர்வையைக் காயவைக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஆளில்லாத அறையில் ஓடும் சீலிங் ஃபேன் சுத்த வீண்.

இருக்கிற கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டை எடுத்து, பிவிசி பைப்பிலோ மரச்சட்டத்திலோ ஒரு சட்டகம் செய்து, தலைமாட்டில் இரண்டடி தூரத்தில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து 5 வாட். 9 மணி நேரத்துக்கு 45 வாட் அவர். கொசுவலை கட்டிப் படுப்பவராக இருந்தால் ஃபேனை வலைக்கு உள்ளே வைக்க வேண்டும். வெளியே வைத்தால் இந்த அளவுக் காற்றை வலையே தின்றுவிடும். கயிற்றுக்கட்டில் இருந்தால் இன்னும் ஒரு வழி. ஒரு ஃபேனைக் கட்டிலுக்கு அடியில், முதுகுக்கு நேராக மேல்நோக்கி வைத்துப் பாருங்கள். மெத்தை விரிக்காமல் ஒரு வேட்டியை மட்டும் விரித்துப் படுத்தால் முதுகு வேர்ப்பது நின்றுவிடும். எனக்கு இதைவிடப் பிடித்த ஏற்பாடு வேறில்லை, இருந்தாலும் வீட்டில் இருப்பவர்கள் பார்த்தால் சிரிக்கிறார்கள்.

இரண்டு பேர், மூன்று பேர் படுக்கிற இடம் என்றால் இந்தக் குட்டி ஃபேன்கள் போதாது. அப்போது நீங்களே செய்யும் ஆசையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, சோலார் கடைகளில் விற்கும் 12 வோல்ட் டிசி சீலிங் ஃபேன் ஒன்றை வாங்கிவிடுங்கள் என்பேன். உள்ளே பிரஷ் இல்லாத மோட்டார். முழு வேகத்தில் 25, 30 வாட், மெதுவாக விட்டால் 10 வாட்டை ஒட்டி. ராத்திரி முழுக்க மெதுவாக ஓடினால் 90 வாட் அவர். ஒரு எல்இடி பல்பு, ஒரு போன் சார்ஜ் எல்லாம் சேர்த்தாலும் உங்கள் 140க்குள் அடங்கும். ஆனால் தகரக் கூரை தாழ்வாக இருக்கிறதா பாருங்கள். தரையிலிருந்து இறக்கைக்கு எட்டடி இல்லை என்றால் கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கும்போது வம்பு.

காயில் போன டேபிள் ஃபேனின் இறக்கையை எடுத்து, பழைய பிரிண்டர் மோட்டாரிலோ கடையில் விற்கும் 775 மோட்டாரிலோ மாட்டுவதை வீடியோக்களில் காட்டுகிறார்கள். நானும் செய்து பார்த்தேன். அந்த மோட்டார் சின்னச் சுமையை மிக வேகமாகச் சுற்றுவதற்குப் பிறந்தது. 16 அங்குல இறக்கையை மாட்டினால் சுற்றவும் முடியாமல், கரண்டையும் வாரி இழுத்துக்கொண்டு, கை வைக்க முடியாதபடி சுடும். நாலு நிமிட வீடியோவுக்குச் சரி, நாலு மணி நேரத்துக்கு ஆகாது. பழைய கார் ரேடியேட்டர் ஃபேன் அதற்கு நேர்மாறு. மோட்டார் முரட்டு மோட்டார்தான், ஆனால் 12 வோல்ட்டில் 100 வாட்டை ஒட்டி இழுக்கும். உங்கள் ராத்திரிக் கணக்கான 140 வாட் அவரை ஒன்றரை மணி நேரத்தில் காலி செய்துவிடும். பகலில் பேனல் நல்ல வெயிலில் இருக்கும்போது 6 வோல்ட்டுக்கு இறக்கி ஓட்டினால் உபயோகப்படும். இரும்புக்கடையில் சும்மா கிடைத்தால் எடுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

வேகத்தைக் குறைக்க ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் ஃபேனுக்கு, வண்டி மோட்டாருக்கு விற்கும் ஸ்பீடு கண்ட்ரோலரைப் போடக்கூடாது. அது கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும். ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் ஒவ்வொரு வெட்டுக்கும் செத்துப் பிழைக்கும், ராத்திரியில் ஒரு கீச்சுச் சத்தமும் வரும். மேலே சொன்ன அதே பக் கன்வெர்ட்டரே இங்கேயும் போதும். 7 வோல்ட்டுக்குக் கீழே போனால் சில ஃபேன்கள் கிளம்பாது, கையால் தட்டிவிட வேண்டியிருக்கும்.

இப்போது ஒயர். வீட்டு வயரிங் பழக்கத்தில் 12 வோல்ட்டைத் தொட்டால் ஏமாற்றம்தான். என் 100 வாட் பேனல், தென்னை நிழல் படாத இடம் தேடி, சாளையிலிருந்து 15 மீட்டர் தள்ளி நின்றது. கையில் கிடந்த 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்தேன். போக வர 30 மீட்டர், அதன் தடை அரை ஓம். 5.5 ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே 3 வோல்ட் காணாமல் போனது. வெயிலில் பேனல் சூடாகும்போது அதன் 18 வோல்ட்டும் 15, 16க்கு இறங்கிவிடும். மிச்சம் 12, 13. பேட்டரி நிறைய 14க்கு மேல் வேண்டும். பேனலும் நன்றாக இருக்கிறது, பேட்டரியும் நன்றாக இருக்கிறது, ஆனால் தினமும் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேன் நின்றுவிடும். பேட்டரியைத்தான் இரண்டு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்ட பிறகு சரியானது. சென்னை ஐஐடி இன்வெர்ட்டரே இல்லாத வீட்டுச் சூரிய மின் அமைப்பை உருவாக்கியபோது 12ஐ விட்டுவிட்டு 48 வோல்ட்டுக்குப் போனதற்கும் இதுதான் காரணம். வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும், ஒயர் நஷ்டமும் குறையும். உங்கள் அளவுக்கு 12 போதும், ஒயர் மட்டும் தடியாக இருக்கட்டும்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் ஃப்யூஸ் போடாமல் விடுகிறார்கள். ஷாக் அடிக்காதுதான், தீப்பிடிக்கும். கார் பேட்டரியின் இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஒயர் சிவக்கச் சிவக்கப் பழுக்கும். அதுவும் மேலே கீற்று வேய்ந்த கொட்டகையில். பைக்கில் வரும் 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைப் பாசிட்டிவ் முனையிலிருந்து ஓரடிக்குள் போடுங்கள், ஃபேன் பக்கத்தில் அல்ல. எலியும் அணிலும் ஒயரைக் கடிக்காத தோட்டம் இல்லை, அதனால் தகரத்தின் மேல் ஓடும் ஒயர் எல்லாம் பைப்புக்குள் போகட்டும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும், அது படுக்கும் அறைக்குள் மூடிய பெட்டியில் இருக்க வேண்டாம். திண்ணையில் நிழலில், மேலே துளை விட்ட பெட்டியில் வையுங்கள். பழைய லேப்டாப் பேட்டரி செல்களைச் சேர்த்துப் பேக் செய்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் தோன்றும். படுக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

மத்தியான வெயில் 38ஐத் தாண்டினால் வெறும் காற்று கொஞ்சமாகத்தான் உதவும், உடம்பைவிடச் சூடான காற்றை மேலே அடிப்பதுதானே அது. 40ஐத் தாண்டும் நாளில் தண்ணீர் குடித்து, ஈரத்துண்டைப் போர்த்தி, மரத்தடிக்குப் போவது மேல். உங்கள் பக்கம் காற்று வறண்டது என்பதால் ஒரு வசதி உண்டு. அந்த மேற்கு ஜாலிக்கு வெளியே வெட்டிவேர்த் தட்டி ஒன்றைத் தொங்கவிட்டு நனைத்து வையுங்கள். 38 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால், ஈரத்தின் வழியாக வரும் காற்று கணக்குப்படி 24 டிகிரி வரை இறங்க முடியும். வீட்டுத் தட்டிக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும், 30 என்று வையுங்கள். முகட்டு ஃபேன்தான் காற்றை இழுத்துக்கொள்ளப்போகிறதே, வேறு மோட்டார் வேண்டாம். அரைமணிக்கு ஒருமுறை செம்பில் தண்ணீர் ஊற்றினால் போதும். இதே ஏற்பாட்டைக் கடலூரிலோ தூத்துக்குடியிலோ செய்தால் புழுக்கம்தான் கூடும்.

ஆடி பிறந்து காற்று எடுத்ததும் போர்டைக் கழற்றி, இறக்கையில் படிந்த புழுதியைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, சாக்கில் சுற்றிப் பரண் மேல் வைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் ஐப்பசி மழைக்குள் எறும்பு ஃபேனின் உள்ளே கூடு கட்டிவிடும். துளையை மூட ஒரு பலகைத் துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், மாசி வரை அது போதும்.